தெய்வச் சான்றும் மனிதச் சான்றும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆன்மா இறைவனிடத்தே லயிக்கும் இடம் ஆலயம் என்பர் ஆன்றோர். வழிபாடு, விழா, திருமணம், அன்னதானம் என ஆலயத்தின் பணிகள் பலவாகும். மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்க்கோ, ஆலயம் இன்னொரு பணியையும் செய்து வந்தது. அதுவே வழக்குத் தீர்க்கும் பணி. ஜாசின் லாலாங், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி முதலிய தோட்டங்களைக் கொண்ட இந்த ஜாசின் வட்டாரத்திலும் அப்பணியைப் பற்றி அறியாத மூத்தோர் இரார்.

லயத்தில் ஒரு சங்கிலி காணாமற் போகும். கோழி களவு போகும். கூட்டுப் பணத்தில் குறைவு ஏற்படும். ஒருவர் மீது ஐயம் எழும். அவர் மறுப்பார். காவல் நிலையம் தொலைவு. கிராணியிடம் முறையிடவோ அச்சம். முடிவில், “கோயிலுக்கு வா, சூடத்தை அடித்துச் சத்தியம் செய்” என்னும் குரல் எழும். மாரியம்மன் முன்னோ முனீஸ்வரர் முன்னோ சூடம் ஏற்றப்படும். ஊரார் சூழ்ந்து நிற்பர். ஐயத்துக்குள்ளானவர் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் வழக்குத் தீர்ந்தது. தயங்கினால் குற்றம் உறுதியாயிற்று.

இவ்வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. தோட்டங்களை விட்டு மக்கள் பட்டணங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்த பின்னரும், “சூடம் அடிக்கத் தயாரா?” என்னும் அறைகூவல் குடும்பச் சண்டைகளிலும், சில வேளைகளில் ஆலயக் கூட்டங்களிலும் கேட்கத்தான் செய்கிறது. இது சமயம் விதித்த நெறிதானா, நீதிக்கு உகந்த நெறிதானா என்பதைச் சமய நூல்களையும் வரலாற்றையும் துணைக்கொண்டு ஆராய்வது இன்றியமையாததாகும்.

நூல்கள் விதித்த திவ்வியம்

தெய்வத்தைச் சான்றாக அழைத்துக் குற்றத்தை அறியும் முறைக்கு வடமொழி நூல்கள் ‘திவ்வியம்’ என்று பெயரிட்டன. யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி ஐந்து திவ்வியங்களைக் கூறுகிறது. அவை துலை, அக்கினி, நீர், நஞ்சு, கோசம் என்பனவாம். துலை என்பது தராசில் நிறுத்தல். அக்கினி என்பது பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடத்தல். நீரில் மூழ்கி இருத்தல் மூன்றாவது. அளவாக நஞ்சுண்டு உயிர் பிழைத்தல் நான்காவது. தெய்வத் திருமேனியை நீராட்டிய நீரைப் பருகி, குறித்த நாள்களுக்குள் கேடு நேர்கிறதா என்று பார்த்திருத்தல் கோசமாகும். வாயில் அரிசியை மென்று உமிழ்தல், கொதிக்கும் நெய்யிலிருந்து பொற்காசை எடுத்தல் போன்றவற்றைப் பிற நூல்கள் சேர்த்துக்கொண்டன.

இந்நூல்களைப் பெயரளவில் மட்டுமே அறிந்தவர்கள், “சாத்திரமே அனுமதித்திருக்கிறதே” என்று வாதிடுவர். சாத்திரம் அனுமதித்தது உண்மையே. ஆனால் எந்தக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, எழுத்து, அனுபோகம், சாட்சி என்னும் மூன்றும் மனிதச் சான்றுகள் என்றும், இவற்றுள் ஒன்றேனும் கிடையாத போதுதான் திவ்வியத்தை நாடலாம் என்றும் அதே ஸ்மிருதி வரையறுக்கிறது. மனிதச் சான்று இருக்கும்போது தெய்வத்தை அழைத்தல் தகாது.

இரண்டாவதாக, ஆயிரம் பணத்திற்குக் குறைந்த வழக்குகளில் நெருப்பு, நஞ்சு, துலை ஆகியவை கூடா என்பது விதி. சிறு களவுக்குப் பெருஞ்சோதனை ஆகாது என்பதே இதன் கருத்து. ஐந்து ரிங்கிட் காணவில்லை என்பதற்காகச் சூடம் ஏற்றுவோர் இவ்விதியை எண்ணிப் பார்த்தல் நன்று.

மூன்றாவதாக, குற்றம் சாட்டியவர், எதிரி திவ்வியத்தில் வென்றால் தாம் தண்டனை ஏற்பதாக முன்னதாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய சூடச் சத்தியத்தில் இக்கட்டுப்பாடு எங்கே? குற்றம் சாட்டுபவருக்கு ஓர் இழப்பும் இல்லை. சாட்டப்பட்டவர் வென்றாலும், “கைதேர்ந்த கள்ளன், அம்மனையே ஏமாற்றிவிட்டான்” என்ற பழிச்சொல்லே எஞ்சுகிறது.

இந்நூல்களில் குறை இல்லை என்று கூறுவதற்கில்லை. பெண்டிர், சிறுவர், முதியோர், நோயாளர், அந்தணர் ஆகியோர்க்குத் துலை என்றும், நான்காம் வருணத்தார்க்கு நஞ்சு என்றும் பிறப்பைப் பார்த்துச் சோதனையை வகுத்த நூல்கள் அவை. ஒருவர்க்குத் தராசு, இன்னொருவர்க்கு நஞ்சு என்பது எக்காலத்தும் நீதி ஆகாது. இத்துணை ஏற்றத்தாழ்வு உடைய அந்நூல்களே மனிதச் சான்றுக்கு முதலிடம் கொடுத்தன என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

சுசீந்திரத்து நெய்க் கொப்பரை

தமிழகத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தில், தாணுமாலயன் திருக்கோயில் கொண்டு விளங்கும் தலம் சுசீந்திரம். சிவன், திருமால், பிரமன் மூவரும் ஓருருவாய் எழுந்தருளியுள்ள தலம் அது. அகலிகையின் பொருட்டுத் தீவினைக்கு ஆளான இந்திரன், கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்றான் என்று தலபுராணம் கூறும். சுசி என்றால் தூய்மை. இந்திரன் தூய்மை பெற்ற இடம் சுசீந்திரம் ஆயிற்று.

இப்புராணச் செய்தியை ஒட்டியதாக, அக்கோயிலில் ‘கைமுக்கு’ என்னும் சோதனை நெடுங்காலம் நடைபெற்று வந்தது. அன்று அப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. ஒழுக்கக் கேடு செய்ததாக ஐயுறப்பட்ட நம்பூதிரி ஆடவர் அங்கே அழைத்து வரப்படுவர். கொதிக்கும் நெய்யினுள் சிறு காளை உருவம் ஒன்று இடப்படும். அவர் வெறுங்கையை விட்டு அதனை எடுக்க வேண்டும். பின்னர் கை கட்டப்பட்டு, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்க்கப்படும். புண் இல்லையேல் அவர் தூயவர். புண் இருப்பின் குற்றவாளி, சாதி விலக்குக்கு உரியவர்.

இச்சோதனையை நிறுத்தியவர் யார்? சமய நம்பிக்கை அற்றவர் அல்லர். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் கைமுக்கு முடிவுக்கு வந்தது. பத்மநாப சுவாமியைத் தம் குலதெய்வமாகப் போற்றி, எண்ணற்ற கீர்த்தனைகளை இயற்றிய இசைவாணர் அவர். பக்தியில் குறைந்தவர் என்று எவரும் அவரைக் கூற இயலாது. நெய்க் கொப்பரை ஓய்ந்ததால் தாணுமாலயனின் பெருமை குறைந்துவிட்டதா? மார்கழித் திருவிழாவும் தேரோட்டமும் பல்லாயிரம் அடியார் திரள இன்றும் அங்கே நடைபெறுகின்றன. சோதனை போயிற்று, பக்தி நிலைத்தது.

காசியிலும் மலாக்காவிலும்

1783ஆம் ஆண்டு காசியில் நடந்த இரு வழக்குகளை அந்நகரின் தலைமை நீதிபதியாக விளங்கிய அலி இபுராகிம் கான் எழுதி வைத்துள்ளார். ஒரு வழக்கில், களவுக் குற்றம் சாட்டப்பட்டவர் கையில் அரச இலைகளை நூலால் கட்டி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை வைத்தனர். தரையில் வரைந்த வட்டங்களைக் கடந்து சென்று, உலர்ந்த புல்லின்மேல் அதை அவர் எறிந்தார். கையில் புண் காணப்படவில்லை. அவர் விடுதலை பெற்றார். குற்றம் சாட்டியவர் ஒரு வாரம் சிறையில் இருந்தார். மற்றொரு வழக்கில் கொதிக்கும் எண்ணெயில் கைவிட்டவரின் கை வெந்தது. அவரே குற்றவாளி என்று தீர்க்கப்பட்டது.

மலாக்கா மண்ணுக்கும் இம்முறை புதிதன்று. 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில் தொகுக்கப்பட்ட ‘உண்டாங் உண்டாங் மலாக்கா’ என்னும் சட்ட நூலில், நீரில் மூழ்குதலும், கொதிக்கும் எண்ணெயிலோ உருக்கிய ஈயத்திலோ கைவிடுதலும் வழக்குத் தீர்க்கும் வழிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவிலும் பாதிரிமார் மந்திரித்துக் கொடுத்த இரும்பை ஏந்தும் வழக்கம் இருந்தது. 1215ஆம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய திருச்சபைப் பேரவை, இத்தகைய சோதனைகளுக்குப் பாதிரிமார் ஆசி வழங்கக் கூடாது என்று தடை விதித்தது. அதன் பின்னரே இங்கிலாந்தில் பன்னிருவர் அடங்கிய ஜூரி முறை குற்ற வழக்குகளில் வேரூன்றியது. அங்கும் தடைக்கு முதற்குரல் எழுப்பியது சமய பீடமே.

ஆகவே, எந்த ஒரு சமயத்தாரையோ இனத்தாரையோ இதன் பொருட்டு எள்ளுவதற்கு இடமில்லை. சான்று தேடும் வழி அறியாத காலத்தில், மனிதர் எங்கும் இறைவனிடமே வழக்கை ஒப்படைத்தனர்.

நெருப்புக்கு நீதி தெரியுமா?

தெய்வச் சோதனைகள் யாவும் ஒரே விடையைத் தந்தனவா என்றால், இல்லை. துலைச் சோதனை ஒன்றே இதற்குப் போதிய சான்றாகும். இருமுறை நிறுக்கப்படுபவரின் தட்டு இரண்டாம் முறை உயர்ந்தால் அவர் குற்றமற்றவர் என்பது ஸ்மிருதி நூல்களின் கொள்கை. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனியோ, உண்மை பேசியவர் இரண்டாம் முறை எடை கூடுவார் என்று குறிக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மனிதரைக் கல்லுக்கு எதிராக நிறுத்து, தட்டுத் தாழ்ந்தால் அவர் தூயவர் என்று எழுதினார். ஒரே தராசு, ஓரிடத்தில் உயர்ந்தவர் தூயவர், வேறிடத்தில் தாழ்ந்தவர் தூயவர்! விடையைத் தெய்வம் தந்ததா, அருகில் நின்ற மனிதர் தந்தனரா?

அரிசிச் சோதனையையும் எண்ணிப் பாருங்கள். அச்சம் மிகுந்தால் வாய் உலரும். உலர்ந்த வாயில் அரிசியை மெல்வது அரிது. குற்றம் செய்தவன் அஞ்சுவான் என்பது மெய்யே. ஆனால் ஊரார் முன் நிறுத்தப்பட்ட குற்றமற்ற ஏழைப் பெண் அஞ்சமாட்டாளா? கள்வனைவிட அவளே மிகுதியாக அஞ்சுவாள். துணிந்த கள்வனோ சூடத்தைத் தயங்காமல் அடிப்பான். இம்முறை அச்சத்தை அளக்கிறது, குற்றத்தை அளக்கவில்லை.

கோசம் என்னும் திவ்வியம் இதனினும் கொடியது. திருமேனி நீரைப் பருகியவருக்குப் பதினான்கு நாள்களுக்குள் கேடு வராவிடில் தூயவர் என்றது நூல். நூல் கூறிய கெடுவும் இன்றைய சூடச் சத்தியத்திற்கு இல்லை. சத்தியம் செய்தவர் வீட்டில் ஆறு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், “பொய்ச் சத்தியம் பலித்துவிட்டது” என்பர். மூன்றாண்டு கழித்து விபத்து நேர்ந்தாலும் அதே பேச்சு. நோயும் விபத்தும் இல்லாத குடும்பம் உலகில் உண்டா? இவ்வாறு பார்த்தால், ஒருமுறை சூடத்தின் முன் நின்றவர் ஆயுள் முழுவதும் கூண்டில் நிற்பவரே ஆவார்.

சீதாப்பிராட்டி தீப்புகுந்து மீண்டாள். அக்கினி தேவனே அவளை ஏந்தி வந்து தூயவள் என்றான். அதற்குப் பின்னும் ஊர்வாய் ஓய்ந்ததா? உத்தர காண்டத்தில், மக்கள் பேசிய பழிச்சொல்லால் அவள் மீண்டும் காடு புகுந்தாள். நெருப்பின் தீர்ப்பு ஐயத்தை அணைக்கவில்லை என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஓலை கொண்டு வந்த இறைவன்

தமிழர் சமயம் இது குறித்து என்ன கூறுகிறது? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணம் இதற்கு விடை தருகிறது. புத்தூரில் நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்கு முதிய வேதியராய் வந்த இறைவன், “இவன் என் அடிமை” என்று வழக்குரைத்தார். நம்பியாரூரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குச் சென்றது.

அங்கே நடந்ததை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சபையார் நெருப்பை மூட்டவில்லை, நெய்யைக் காய்ச்சவில்லை. “அனுபோகமோ, ஆவணமோ, அயலார் சாட்சியோ இவற்றுள் ஒன்றைக் காட்டுக” என்றே கேட்டனர். கிழிக்கப்பட்டது படியோலை என்று கூறி, முதியவர் மூல ஓலையை நீட்டினார். சபையார் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வரச் செய்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பு நோக்கினர். எழுத்து ஒத்திருந்தது. அதன் பின்னரே தீர்ப்பு வழங்கினர்.

வந்தவர் யார்? சர்வ வல்லமை படைத்த சிவபெருமான். நினைத்திருந்தால் ஓர் அற்புதத்தால் வழக்கை வென்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மனிதர் கூடிய சபையின் விதிக்குக் கட்டுப்பட்டு, ஆவணம் காட்டி, கையெழுத்துச் சோதனைக்கு உடன்பட்டு வழக்காடினார். தீர்ப்புக் கிடைத்த பின்னரே திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்து, தாம் யார் என்பதை உணர்த்தினார். இறைவனே ஆவணம் கொண்டு வந்து வழக்காடிய சமயத்தில், எளிய மனிதர் ஒருவரிடம் ஆவணமும் கேளாமல் சாட்சியும் நாடாமல், எரியும் சூடத்தை நீட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

சிலப்பதிகாரமும் இதையே உணர்த்துகிறது. பாண்டியன் ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி அரசவையில் தன் காற்சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். கண்ணால் காணத்தக்க சான்று முன்னரே கேட்கப்பட்டிருந்தால் மதுரை எரிந்திராது. வள்ளுவப் பெருந்தகையும் செங்கோன்மையின் முதற்படியாக ஆராய்தலையே வைத்தார்.

தீமிதி வேறு, தீர்ப்பு வேறு

இங்கே ஒரு மயக்கம் தீர்தல் வேண்டும். திரௌபதி அம்மன், மாரியம்மன் ஆலயங்களில் அடியார்கள் பூக்குழி இறங்குகின்றனர். பால்குடமும் காவடியும் எடுக்கின்றனர். அவை நேர்த்திக்கடன்கள். அடியவர் தாமே விரும்பி, விரதம் இருந்து, அன்பினால் செய்வன. பிறர் சாட்டிய குற்றத்திற்கு விடை அல்ல. ஆதலின், பூக்குழியில் ஒருவரின் பாதம் புண்பட்டால், “விரதத்தில் குறை, ஒழுக்கத்தில் குறை” என்று முணுமுணுப்பது பெரும் பாவம். நேர்த்திக்கடனைச் சோதனையாக மாற்றும் செயல் அது. புண்பட்டவருக்குத் தேவை மருந்தும் ஆறுதலுமே.

மதுரையில் திருஞானசம்பந்தப் பெருமான் அனல்வாதம் செய்தாரே எனலாம். அவர் நெருப்பில் இட்டது தம் திருப்பதிக ஏட்டை. எவருடைய கையையும் அவர் நெருப்பில் இடச் சொல்லவில்லை. அது கொள்கையை நிலைநாட்டிய வாதம். குற்ற விசாரணை அன்று.

ஆலயத்தின் கடமை

இந்தியாவில் 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம், வழக்கில் ஒரு தரப்பார் சிறப்பான முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுவதாக மறுதரப்பார் ஒப்புக்கொள்ள இடம் தந்தது. 1969ஆம் ஆண்டில் வந்த புதிய சட்டம் அவ்விதியைக் கைவிட்டது. மலேசியாவில் வழங்கும் 1950ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது. ஒன்றை உண்டு என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சூடச் சத்தியமோ இதைத் தலைகீழாக்குகிறது. சாட்டியவர் வாளா இருக்க, சாட்டப்பட்டவரே தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார்.

ஆலயங்களில் ஐயம் எழுவதற்குப் பெரும்பாலும் பணமும் நகையுமே காரணம். அதற்கு மருந்து சூடம் அன்று, கணக்கு. உண்டியல் திறக்கும்போது செயலவையினர் மட்டுமன்றி, செயலவை சாராத அன்பர் இருவரும் உடனிருந்து எண்ணி, அன்றே கையொப்பமிடுதல் வேண்டும். நன்கொடை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பற்றுச்சீட்டு வேண்டும். அம்மனின் நகைகள் எடையோடும் படத்தோடும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஆலயங்கள் ஆண்டுக் கணக்கைப் பதிவதிகாரிக்கு அனுப்பக் கடமைப்பட்டவை. அதே கணக்கை ஆலயப் பலகையிலும் ஒட்டி வைத்தால், ஊரார் நாவில் ஐயம் முளைக்காது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் பாட்டனாரின் ஓலையைப் பாதுகாத்து வைத்திருந்ததால் அன்றோ நீதி வழங்க முடிந்தது!

அதற்கு மேலும் ஐயம் எழுமாயின், குற்றச்சாட்டை எழுத்தில் பெற வேண்டும். இருதரப்பையும் தனித்து, அமைதியாகக் கேட்க வேண்டும். குற்றம் பெரிதாயின் காவல் நிலையத்தை நாட வேண்டும். திருவிழாக் கூட்டத்தின் நடுவே எவரையும் பெயர் சுட்டிப் பேசுதல் ஆகாது. சிறுவர்களைச் சூடத்தின் முன் நிறுத்துதல் அறவே கூடாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பல்லாண்டுகளுக்கு முன் சூடம் அடிக்கத் தயங்கிய ஒரே காரணத்தால் பழி சுமந்து, ஆலயப் படியே மிதியாமல் ஒதுங்கிப்போன குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் இருக்கக்கூடும். அவர்கள் மீது எந்தச் சான்றும் காட்டப்படவில்லை. ஆலய நிர்வாகத்தினரும் பெரியோரும் அவர்தம் இல்லம் தேடிச் சென்று, இவ்வாண்டுத் திருவிழாவுக்கு அழைத்து வந்து, அன்னையின் சந்நிதியில் திருநீறும் குங்குமமும் வழங்குவார்களாயின், அதனினும் சிறந்த திருப்பணி வேறில்லை.

சூடம், தன்னை முழுவதும் எரித்துச் சாம்பலும் எஞ்சாமல் இறைவனோடு கலப்பதற்கு அடையாளமாக ஏற்றப்படுவது. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கு அவ்வாறே கரைய வேண்டும் என்பதே தீபாராதனையின் தத்துவம். அந்த ஒளியில் அன்னையின் திருமுகத்தைக் காண்போமாக. அயலார் முகத்தில் குற்றம் தேடாதிருப்போமாக. அன்னையின் திருவருள் அனைவர்க்கும் பெருகுவதாக!

திருச்சிற்றம்பலம்.